மெசின் வரட்டும், மிச்சமாகும் நேரம் யாருக்கு?

பொறியியலும் தொழில்நுட்பமும் படிக்கிற தம்பி தங்கச்சிமாருக்குத்தான் முதலில் இதை எழுதுகிறோம். இறுதியாண்டு ப்ரொஜெக்டுக்குத் தலைப்புத் தேடுகிறபோது உங்களில் யாராவது ஒருவர் தவறணைப் பக்கம் வந்தே தீருவீர்கள். 'நாற்றுப் பைகளுக்கு மண் நிரப்பும் இயந்திரம்.' நல்ல தலைப்பு. செலவு குறைவு, உள்ளூர்ப் பிரச்சினை, பார்க்கவும் அழகாக இருக்கும். அறிக்கையின் கடைசியில் ஒரு அட்டவணை வரும். கையால் நிரப்பினால் மணிக்கு இத்தனை பை, மெசினில் இத்தனை பை, ஆகவே இத்தனை ஆட்கள் குறைவு, செலவு இத்தனை வீதம் குறைவு. கைதட்டல், புள்ளி, முகநூலில் படம். முடிந்தது.

அந்த அட்டவணையில் ஒரு வரி மட்டும் இருக்காது. மிச்சமான நேரம் யாருடைய கைக்குப் போகிறது என்ற வரி. அந்த வரி இல்லாத வரைபடம் பாதி வரைபடம் என்பதுதான் எங்களுடைய வாதம். அதை "பிறகு பார்க்கலாம்", "அது சங்கத்துக்காரர் வேலை" என்று தள்ளிவிட முடியாது. மெசினின் உயரம், வேகம், அதை இயக்குவது காலா மோட்டரா என்பதெல்லாம் அந்த வரியைப் பொறுத்துத்தான் தீர்மானமாக வேண்டும்.

யாழ்ப்பாணத்து நண்பர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். உங்களுக்குத் தவறணை என்றால் கள்ளு. எங்களுக்குத் தவறணை என்றால் தேயிலைக் கன்று வளர்க்கிற இடம். உங்கள் தவறணையில் வேலை முடித்து வந்து உட்காருவார்கள். எங்கள் தவறணையில் உட்கார்வதே வேலை, அதுவும் குந்தி.

தேயிலைக் கன்று எப்படி உண்டாகிறது என்று மலையகத்துக்கு வெளியே பலருக்குத் தெரியாது. பழைய மலைகளில் இருப்பது விதையில் முளைத்த தேயிலை. கடந்த அறுபது எழுபது ஆண்டுகளில் நட்டதில் பெரும்பாலானது 'வீ.பீ.' தேயிலை. தாய்ச்செடியிலிருந்து ஒரு இலையும் ஒரு அங்குலம் போலத் தண்டும் உள்ள துண்டை வெட்டி, மண் நிரப்பிய பொலித்தீன் பையில் ஊன்றுவார்கள். நிழல் கட்டி, பொலித்தீனால் மூடி, ஈரம் காத்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வெயிலுக்குப் பழக்கி, எட்டுப் பத்து மாதம் வளர்த்துத்தான் மலைக்குக் கொண்டுபோவார்கள். இந்த முறைக்கும் நல்ல தாய்ச்செடி வகைகளுக்கும் பின்னால் தலவாக்கலையில் இருக்கிற தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் பல பத்தாண்டு உழைப்பு இருக்கிறது. 1925இல் தொடங்கிய நிலையம் அது. எந்த வகை எந்த உயரத்துக்குப் பொருந்தும், மண்ணின் புளிப்பு எவ்வளவு இருக்க வேண்டும், வேர்ப் புழுவை எப்படித் தடுப்பது, எல்லாவற்றுக்கும் ஆராய்ச்சி உண்டு. அந்தப் பையை நிரப்புகிற அக்காவின் முதுகைப் பற்றித்தான் யாருக்கும் அக்கறையில்லை.

இப்போது ஒரு கணக்கு. நாலடிக்கு இரண்டடி இடைவெளியில் நட்டால் ஒரு கன்றுக்கு எட்டுச் சதுர அடி. ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. அப்படியென்றால் ஏக்கருக்கு 5,445 கன்று. பட்டுப்போகிறவற்றுக்குப் பதிலாக வைக்கும் கன்றுகளை இதில் சேர்க்கவில்லை. ஒரு பையில் ஒரு கிலோ மண் என்று குறைத்தே வையுங்கள். ஐந்தரைத் தொன் வருகிறது. அந்த மண் ஒரு தடவை மட்டும் தூக்கப்படுவதில்லை. சலிக்கத் தூக்க வேண்டும், பைக்குள் அள்ள வேண்டும், நிரப்பிய பையைப் பாத்தியில் அடுக்க வேண்டும். மூன்று தடவை என்றால் பதினாறு தொன்னுக்கு மேல். ஒரு ஏக்கர் மலையைப் புதிதாக நடுவதற்கு, ஒரு குழியும் வெட்ட முதலே, பெண்களின் கை வழியாகப் போகிற சுமை இது. லொறியில் ஏற்றினால் கூலி கேட்பார்கள். கையில் ஏற்றினால் 'இலேசான வேலை' என்பார்கள்.

ஆமாம், தவறணை வேலை இலேசான வேலை என்றுதான் தோட்டத்தில் பெயர். வயதானவர்களை, பிள்ளைத்தாச்சிகளை, மலை ஏற முடியாதவர்களை அங்கே போடுவது அதனால்தான். இலேசான வேலைக்கு எதற்கு மெசின் என்று துரைமாரும் கேட்டதில்லை, சங்கத் தலைவர்மாரும் கேட்டதில்லை.

தேயிலைக்கு மெசின் புதிதா என்ன? லூல்கந்துரவில் 1867இல் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெய்லர், சில வருடத்திலேயே கொழுந்து உருட்ட ஒரு பொறி செய்துகொண்டார். பெல்ஃபாஸ்டில் சாமுவேல் டேவிட்சன் செய்த 'சிரொக்கோ' உலர்த்திகள் பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிய முதலே தேயிலை நாடுகளுக்குக் கப்பலேறின. உருட்ட, உலர்த்த, சலிக்க, தரம் பிரிக்க, எல்லாவற்றுக்கும் பெக்டரிக்குள் மெசின் வந்து நூறு வருடம் தாண்டிவிட்டது. பெக்டரிச் சுவருக்கு வெளியே கூடையும் கையும். தொழில்நுட்பம் எட்டாததாலா? மண்ணைச் சலிப்பது காய்ந்த தேயிலையைச் சலிப்பதை விடக் கடினமான பொறியியலா? இல்லை. பெக்டரியில் தரம் கெட்டால் ஏலத்தில் விலை விழும். தவறணையில் முதுகு கெட்டால் யாருக்கும் எந்த விலையும் விழாது. மலிவான கை இருக்கிற இடத்துக்கு மெசின் வராது. இப்போது வரப்பார்க்கிறது என்றால், கை குறைந்துவிட்டது என்று அர்த்தம். இளைய ஆட்கள் கொழும்புக்குப் போய்விட்டார்கள், தோட்டத்தில் ஆள் இல்லை. அதனால்தான் திடீரென்று எல்லோருக்கும் 'உழைப்பை மிச்சப்படுத்தும்' ஆசை வந்திருக்கிறது.

இந்த இடத்தில் இரண்டு பக்கத்தோடும் நாங்கள் சண்டை பிடிக்க வேண்டியிருக்கிறது.

முதல் பக்கம், "மெசின் வந்தால் வேலை போகும், ஆகவே வேண்டாம்" என்பவர்கள். இதில் எங்கள் தோழர்களும் இருக்கிறார்கள். அவர்கள் பயத்தில் நியாயம் உண்டு, அதைப் பிறகு சொல்கிறோம். ஆனால் குந்தி இருந்து மண் அள்ளுவதை ஒரு உரிமையைப் போலக் காப்பாற்ற நாங்கள் தயாரில்லை. அம்மாமாரின் கூன் விழுந்த முதுகு மலையகத்தின் பண்பாட்டு அடையாளம் இல்லை. கவிதை எழுதவும் கண்காட்சிக்குப் படம் எடுக்கவும் அது உதவலாம். அந்த முதுகோடு இரவு படுக்கிறவருக்கு எந்த உதவியும் இல்லை.

கருவி எப்படி இருக்கிறது என்பது இயற்கையாக வந்ததல்ல, யாரோ தீர்மானித்தது. கலிபோர்னியாவின் சலாது, பீட் வயல்களில் வேலை செய்த மெக்சிக்கோத் தொழிலாளர்களுக்குக் கொடுக்கப்பட்டது கட்டைப் பிடி போட்ட மண்வெட்டி. பிடி ஒரு அடி போலத்தான் இருக்கும். நாள் முழுக்கக் குனிந்தே நிற்க வேண்டும். நீளப் பிடி போட்டால் பயிர் சேதமாகும் என்று பண்ணைக்காரர்கள் வாதாடினார்கள். உள்ளே இன்னொரு வசதியும் இருந்தது. கட்டைப் பிடி என்றால் நிமிர்ந்து நிற்கிறவர் யார் என்று மேற்பார்வைக்காரருக்குத் தூரத்திலிருந்தே தெரியும். தொழிலாளர்கள் வழக்குப் போட்டார்கள். 1975இல் அந்த மண்வெட்டி தடைசெய்யப்பட்டது. அதற்குப் பிறகு கலிபோர்னியாவில் சலாது விளையாமல் போகவில்லை. ஒரு தடியின் நீளத்தை மாற்ற வழக்கு மன்றம் வரை போக வேண்டியிருந்தது என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது பக்கம், மெசின் என்றால் முன்னேற்றம், அதற்குமேல் பேச ஒன்றுமில்லை என்பவர்கள். இவர்களுக்கும் கதை கலிபோர்னியாவில்தான் இருக்கிறது. அங்கே டேவிஸ் நகரில் உள்ள அரச பல்கலைக்கழகத்தில் தக்காளி அறுவடை இயந்திரம் ஒன்றை உருவாக்கினார்கள். மெசினின் அடி தாங்குகிற மாதிரிக் கெட்டியான தக்காளி வகையையும் சேர்த்தே உருவாக்கினார்கள். 1960களில் அது வயலுக்கு வந்தது. விலை அதிகம், பெரிய பண்ணைக்குத்தான் கட்டுப்படியாகும். நாலாயிரம் போல இருந்த தக்காளிச் செய்கையாளர்கள் 1973 அளவில் அறுநூறு போலாகிவிட்டார்கள். ஆயிரக்கணக்கான தொழிலாளர்களுக்கு வேலை போனது. 1979இல் தொழிலாளர்களும் சிறு விவசாயிகளும் பல்கலைக்கழகத்தின் மீதே வழக்குப் போட்டார்கள். பொதுமக்கள் பணத்தில் நடந்த ஆராய்ச்சியின் பலன் ஒரு சிலருக்கு மட்டும் போவது எப்படி நியாயம் என்பது அவர்களுடைய கேள்வி. அந்த மெசினை வடிவமைத்தவர்கள் கெட்டவர்கள் என்று யாரும் சொல்லவில்லை. அவர்களும் உங்களைப் போல ஒரு பிரச்சினைக்குத் தீர்வுதான் தேடினார்கள். ஆனால் 'பிரச்சினை' எது என்று பெரிய பண்ணைக்காரர்கள் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள்.

நம் பக்கத்துக்கு வருவோம். 2021 மார்ச்சில் ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் வர்த்தமானியில் வந்தது. எத்தனை வருடப் போராட்டம் அது! வந்த கையோடு பல தோட்டங்களில் கொழுந்தின் கிலோக் கணக்கைக் கூட்டினார்கள். கணக்கு எடுக்காதவருக்கு முழுப்பேர் கிடையாது, அரைப்பேர். 2024இல் சம்பளம் 1,350 ஆனபோதும் பெரட்டுக் களத்தில் முதலில் எழுந்த கேள்வி "கிலோ எவ்வளவு?" என்பதுதான். சம்பளத்தைக் கூட்டினாலே கணக்கைக் கூட்டுகிற இடத்தில், மெசினைக் கொடுத்தால் என்ன நடக்கும்? எந்த அக்காவிடம் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: "மெசினு வந்தா நல்லதுதான். ஆனா கணக்கக் கூட்டிருவாங்களே." இதற்குப் பெயர் தொழில்நுட்பத்தைப் பற்றிய அறியாமை இல்லை. நூற்றைம்பது வருட அனுபவம்.

அப்ப என்ன செய்யலாம்? வரைபடத்துக்குள் போவோம்.

பை நிரப்புகிற வேலையைக் கவனமாகப் பார்த்தால் அது ஒரு வேலை இல்லை. மண்ணைச் சலிப்பது, பையின் வாயைத் திறப்பது, மண் போடுவது, தட்டி இறுக்குவது, தூக்கி அடுக்குவது என்று ஐந்து வேலை. மாணவர்களின் மெசின்கள் பெரும்பாலும் மூன்றாவதை மட்டும் வேகமாக்குகின்றன. ஆனால் இழுத்தடிப்பது இரண்டாவது. மெல்லிய பொலித்தீன், இரண்டு ஓரமும் ஒட்டிக்கொண்டிருக்கும், மழை நாளில் விரலும் ஈரம். மணிக்கு ஆயிரம் பைக்கு மண் கொட்டுகிற மெசின் இருந்தாலும், வாயைத் திறந்து பிடிக்க ஒரு மனிசி வேண்டும். அவள் இனி மண்ணின் வேகத்துக்கு அல்ல, மோட்டரின் வேகத்துக்கு ஓட வேண்டும். முன்பு மூச்சு விடவாவது நேரம் இருந்தது.

அடுத்தது மண். நெதர்லாந்துப் பசுங்கூடங்களில் சட்டி நிரப்புகிற மெசின்களின் வீடியோவைப் பார்த்துவிட்டு அதைப்போல ஒன்று செய்ய ஆசைப்படுவீர்கள். அவை பீட் போன்ற பஞ்சு மாதிரி இலேசான ஊடகத்துக்குச் செய்தவை. தலவாக்கலை மழையில் நனைந்த செம்மண்ணை அதே கூம்புத் தொட்டியில் போட்டால், வாய்ப்பக்கம் வளைவு கட்டிக்கொண்டு அப்படியே நிற்கும். மேலே மண் இருக்கும், கீழே ஒன்றும் விழாது. பிறகு ஒருவர் கம்பியால் குத்திக்கொண்டே நிற்க வேண்டும். தொட்டியின் சுவர் செங்குத்தாக, வாய் அகலமாக, உட்பக்கம் வழுக்கலாக இருந்தால்தான் நம் மண் இறங்கும். இறுக்கமும் அப்படித்தான். தளர்வாக விட்டால் துண்டு ஆடும், காற்று இடைவெளியில் வேர் காயும். மிதமிஞ்சி இறுக்கினால் தண்ணீர் இறங்காது, வேர் அழுகும். எவ்வளவு தட்ட வேண்டும் என்பது நிரப்புகிறவரின் உள்ளங்கைக்குத் தெரியும். உங்கள் அளவீட்டுப் புத்தகத்தில் அதற்கு ஒரு எண் வேண்டுமென்றால், அந்தக் கையிடம்தான் கேட்டு எழுத வேண்டும். எழுதினால் அவருடைய பெயரும் அறிக்கையில் வர வேண்டும், 'நன்றிகள்' பக்கத்தில் அல்ல, வடிவமைத்தவர்களின் வரிசையில்.

எங்களைக் கேட்டால் முதல் மெசின் மோட்டர் இல்லாத மெசின். இடுப்பு உயரத்துக்கு ஒரு மேசை. நின்றும் செய்யலாம், உயரமான ஸ்டூலில் உட்கார்ந்தும் செய்யலாம். மேசைக்கு மேலே மண் தொட்டி. தொட்டியின் வாயில் ஒரு பீ.வீ.சீ. குழாய்த் துண்டு, பையை அதில் மாட்டிவிட்டால் வாய் தானாகத் திறந்தே இருக்கும், பிடிக்க வேண்டியதில்லை. காலால் மிதித்தால் திறக்கிற தகடு. சலிக்க, கையால் சுழற்றுகிற உருளைச் சல்லடை. நிரப்பிய பைகளை ஒவ்வொன்றாகத் தூக்காமல் தட்டோடு கொண்டுபோக ஒரு ஒற்றைச்சில்லு வண்டி. இவ்வளவுதான். தொட்டிக்கு மண்ணை மேலே ஏற்றுவது எப்படி என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. மலைநாட்டில் சரிவுக்கா பஞ்சம்? மேல் தட்டில் மண்ணைச் சலித்து, கீழ்த் தட்டில் மேசையைப் போட்டால், பாதி வேலையைச் சரிவே பார்த்துக்கொள்ளும். முழுவதும் ஹட்டனில் உள்ள ஒரு சாதாரண ஒட்டுக் கடையில் செய்யக்கூடியதாக, இரண்டு பேர் தூக்கிக்கொண்டு அடுத்த பாத்திக்குப் போகக்கூடியதாக, உடைந்தால் அன்றே திருத்தக்கூடியதாக இருக்க வேண்டும்.

ஏன் காலால் மிதிப்பது? செலவுக்காக மட்டும் அல்ல. மிதியின் வேகம் காலின் வேகம். கால் நின்றால் மண் நிற்கும். ஓடுகிற பட்டிக்கு அந்த இரக்கம் கிடையாது, அதன் வேகத்தைத் தீர்மானிக்கிற திருகு வேறொருவர் கையில் இருக்கும். வேகத்தின் திருகை எங்கே வைப்பது என்பது பொறியியல் முடிவுதான். அதே நேரத்தில் அது சம்பள முடிவும்தான். "நாங்கள் டெக்னிக்கல் ஆட்கள், அரசியல் எங்களுக்கு வேண்டாம்" என்கிற தம்பிமாரே, திருகை வைக்கிற இடத்திலேயே நீங்கள் அரசியலைச் செய்து முடித்துவிட்டீர்கள்.

இனி விடுபட்ட அந்த வரி. ஒரு மெசின் தவறணைக்குள் வரும்போது அதோடு சேர்ந்து மூன்று விசயம் எழுத்தில் வர வேண்டும் என்கிறோம்.

முதலாவது, மெசினைக் காட்டி நாட்கணக்கைக் கூட்டக் கூடாது. கூட்டத்தான் வேண்டுமென்றால், கூடுகிற பைகளுக்குக் கூடுதல் காசு, அல்லது வேளைக்கு வீடு. இரண்டில் எது என்பதை வேலை செய்கிறவர்கள் தெரிவு செய்ய வேண்டும். மூன்று மணிக்கு வீட்டுக்குப் போகிற ஒரு அம்மாவுக்கு அந்த இரண்டு மணித்தியாலம் எவ்வளவு பெறுமதி என்று கணிக்க எந்த அட்டவணையாலும் முடியாது.

இரண்டாவது, கைகள் மிச்சமானால் ஆட்களை நிறுத்தக் கூடாது. தவறணையில் செய்யாமல் விடப்படுகிற வேலை நிறைய இருக்கிறது. கன்று தரம் பிரித்தல், நோய் பார்த்தல், தாய்ச்செடி பராமரித்தல், இதெல்லாம் தேர்ச்சி வேண்டிய வேலை. அதற்குப் பயிற்சியும் அதற்கேற்ற சம்பளமும் கொடுத்து அந்தப் பெண்களையே எடுங்கள். மண் அள்ளியவர் கடைசி வரை மண்தான் அள்ள வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது?

மூன்றாவது, மெசின் யாருடையது? தோட்டத்துடையதாக மட்டும்தான் இருக்க வேண்டுமா? நாட்டின் தேயிலையில் பெரும்பங்கு இன்று சிற்றுடைமையாளர்களின் துண்டு நிலங்களிலிருந்து வருகிறது. அவர்களுக்கும் கன்று வேண்டும். ஒரு லயத்துப் பெண்கள் பத்துப்பேர் சேர்ந்து மெசினைச் சொந்தமாக வைத்து, பை நிரப்பிக் கொடுக்கவோ கன்று வளர்த்து விற்கவோ ஏன் முடியாது? கையால் செய்கிற தவறணைக்கு அவ்வளவு பேர் வேண்டும் என்பதால் இதுவரை அது கடினமாக இருந்தது. மெசின் உண்மையாகவே எதையாவது மாற்றும் என்றால் அது இங்கேதான் மாற்றும். பொதுப் பணத்தில் படித்துச் செய்த வரைபடத்தை எல்லோருக்கும் திறந்து விடுங்கள். ஒட்டுக் கடைக்காரர் பார்த்துச் செய்யட்டும்.

"கம்பனிகள் நட்டத்தில் ஓடுகின்றன, இதற்கெல்லாம் எங்கே காசு?" என்று ஒரு குரல் வரும். நாங்கள் கேட்பது ஒரு மேசை, ஒரு தொட்டி, ஒரு சல்லடை, ஒரு சில்லு வண்டி. இதற்குக்கூட வழியில்லாத தொழில் என்றால், அது இவ்வளவு காலமும் நின்றது எதன் மேல் என்பதை அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். "பெண்களே மெசினை விரும்பவில்லை" என்று இன்னொரு குரல் வரும். அவர்களுக்கு மெசினில் எந்தக் கோபமும் இல்லை. அதன் பின்னால் கணக்குப் புத்தகத்தோடு வருகிறவரைத்தான் நம்பவில்லை.

சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை. ஒவ்வொரு சம்பளப் பேச்சிலும் ரூபாயைப் பற்றி மட்டும் பேசிவிட்டு எழும்பி வருகிறீர்கள். கருவியைப் பற்றியும் பேசுங்கள். மேசையின் உயரம், பையின் கணக்கு, சுமையின் எடை, இவை ஒப்பந்தத்தில் ஏறட்டும். மெசின் எப்படியும் வரத்தான் போகிறது. அது வந்த பிறகு அதோடு சண்டை பிடிப்பதை விட, வருவதற்கு முன் அதன் வடிவத்தில் கை வைப்பது எவ்வளவோ மேல்.

கடைசியாக, ப்ரொஜெக்டுகளுக்குப் புள்ளி போடுகிற விரிவுரையாளர்களிடம் ஒரு வேண்டுகோள். வினைத்திறன் எத்தனை வீதம், செலவு எத்தனை நாளில் மீளும் என்றெல்லாம் கேளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதோடு ஒரு கேள்வியைச் சேர்த்துக் கேளுங்கள்: "இந்த மெசின் வந்த அடுத்த நாள், தவறணையில் வேலை செய்கிறவர் எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போவார், எவ்வளவு காசோடு போவார்?" பதில் தெரியாத மாணவரைத் தவறணைக்குத் திருப்பி அனுப்புங்கள். அங்கே பதில் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள்.